மின்கசிவு என்று எழுதாமல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது எங்கள் கம்பெனி எச்ஆர். பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடுகிறார்கள். அதில் தமிழில் ஒரு கதை வேண்டுமாம். கனிஷ்கா என் மேஜையருகே வந்து நின்றாள். எச்ஆரில் புதிதாகச் சேர்ந்தவள்.

“அருள், நீங்க காலேஜ்ல கதையெல்லாம் எழுதுவீங்களாமே? வீட்டுல ஈவி சார்ஜ் பண்றதப் பத்தி ஒண்ணு குடுங்களேன். ‘நாங்க ரெடி’ன்றதுதான் தீம். எண்ட் மட்டும் கொஞ்சம் பாசிட்டிவா.”

“என் பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு உங்களுக்குச் சொல்லலையா?”

சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது. சாரி என்றாள். வேற யாரையாவது கேட்டுக்கிறேன் என்றாள்.

“வேண்டாம். நானே எழுதுறேன்” என்றேன்.

ஆக, இதன் பிறப்பில் அன்பும் இல்லை, நினைவும் இல்லை. கோபம் இருக்கிறது. பாதியில் ஏமாறுவதற்குப் பதில் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் ஒரகடத்தில் மின்வண்டிக்கான சார்ஜர் செய்கிறோம். நான் டெஸ்டிங். ஒவ்வொரு சார்ஜரும் என் மேஜையைத் தாண்டித்தான் லாரி ஏறும்.

எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். மின்கசிவு என்ற சொல் கதையில் வராது. (தலைப்பில் வந்துவிட்டது. இங்கேயும். இனி வராது.)

2

தொடக்கங்கள்.

‘நேற்றுவரை வயலாக இருந்த வல்லம் வடகாலில் இன்று தொழிற்சாலைகளின்’

வேண்டாம். வயலுக்காக அழ நிறையப் பேர் இருக்கிறார்கள்.

‘ஸ்ரீபெரும்புதூர் அருகே ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்ட இளம்பெண்’

இது நாளிதழ். அடுத்த சொல் என்னவென்று உங்களுக்கே தெரியும். பானை கசியும். கூரை கசியும். தானாகக் கசியும். யாரும் கசியவிட்டதாக அர்த்தம் வராது. செய்தவர் என்று யாருமே தேவைப்படாத சொல். காவல் நிலையத்தில் அதைத்தான் எழுதினார்கள், பேப்பரில் அதைத்தான் போட்டார்கள், துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். என் மாமனார்கூட. தன் மகளை ஒரு சொட்டுத் தண்ணீர் கொன்றுவிட்டதுபோலச் சொன்னார்.

‘காவேரி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்’

அவள் பெயர் காவேரி இல்லை. கதைக்காக வைத்தது. உண்மைப் பெயரை உங்களுக்குத் தரமாட்டேன். அவள் எப்படிச் சிரிப்பாள், என்ன சமைப்பாள் என்பதும் கிடையாது. வாசகருக்கு அவளைப் பிடித்துப்போனால்தான் சாவு உறைக்கும் என்று கதை எழுதத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் உறைக்காதா?

நான்காவது தொடக்கம் ஒரு சாக்கெட். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மூன்று ஓட்டை. மேலே இருக்கும் பெரிய ஓட்டை பூமிக்குப் போக வேண்டும். பேச்சுக்கு அல்ல, உண்மையிலேயே மண்ணுக்குள் போக வேண்டும். ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி, குழிக்குள் குழாய், குழாயைச் சுற்றி உப்பும் கரியும், அதிலிருந்து ஒரு பச்சை வயர் வீட்டுக்குள். வண்டியிலோ சார்ஜரிலோ கோளாறு வந்தால் மின்சாரம் ஆளை விட்டுவிட்டு அந்த வழியாக இறங்கிவிடும். எர்த் என்பது இதுதான்.

எங்கள் சார்ஜர் கொஞ்சம் விவரமானது. எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரியும். சார்ஜ் ஏறாது. எர்த் இருந்தால் பச்சை.

நாங்கள் குடியிருந்தது வல்லம் வடகாலில், மஞ்சள் கேட் போட்ட தணிகாசலத்தின் லைன் வீட்டில், கடைசிப் போர்ஷன். வண்டி வாங்கி வந்த அன்று சிவப்பு எரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எலக்ட்ரீஷியன் லோகேஷை அனுப்பினார். சாயங்காலம் பச்சை எரிந்தது.

“குழி எங்க லோகேஷ் தோண்டுன?”

“பக்கத்து லைனுக்குப் போட்ட எர்த்து கீது சார். அதுலேர்ந்து இஸ்துகினு வந்துட்டேன்.”

கம்பெனியிலிருந்து சாக்கெட் டெஸ்டர் எடுத்துவந்து மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி என்று காட்டியது.

(இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வேன் என்று காத்திருக்கிறீர்கள். இல்லை. கேட்டேன், சோதித்தேன். என்னை மன்னித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போக உங்களுக்கு வழி வைக்கவில்லை.)

லோகேஷ் உண்மையில் செய்தது எல்லாம் முடிந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சாக்கெட் பெட்டிக்குள்ளேயே, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு, விரல் நீளத்தில், கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒரு வயர். இதற்கு இந்தப் பக்கம் ‘லூப்’ என்று பெயர். லூப் அடித்தால் சார்ஜர் நம்பிவிடும். டெஸ்டரும் நம்பிவிடும். எர்த் இருக்கிறதா என்று சார்ஜர் கேட்கிறது, இருக்கிறது என்று பெட்டி பொய் சொல்கிறது. மண்ணுக்கு எதுவும் தெரியாது.

பிறகு லைனில் வீட்டுக்கு வீடு மின்வண்டி வந்தது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு, உள்ளே சப்-மீட்டர்கள். எல்லா வீட்டு நியூட்ரலும் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரே முறுக்கில் சேரும். கறுப்பு டேப் சுற்றிய முறுக்கு. டிவியும் மிக்சியும் ஓட்டிய காலத்தில் போட்டது. வண்டிகளின் சுமையில் அது வெந்து வெந்து ஒரு பகலில் அறுந்தது.

நியூட்ரல் அறுந்தால் விசிறி நிற்கும். லைட் அணையும். பார்ப்பவர்களுக்குக் கரண்ட் போய்விட்டது. உண்மையில் வரும் வழி அப்படியே இருக்கிறது, திரும்பும் வழிதான் போயிருக்கிறது. விசிறிக்குள்ளும் பிரிட்ஜுக்குள்ளும் நுழைந்த மின்சாரம் திரும்ப முடியாமல் நியூட்ரல் வயரில் நிற்கிறது. லூப் அதற்கு ஒரு வழி காட்டுகிறது, சார்ஜரின் அலுமினியப் பெட்டிக்கு.

“கரண்ட் போச்சுன்னா பிளக்கப் புடுங்கிரு. திரும்ப வாரப்ப ஏத்தமா வரும்.” இதைச் சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? அவள் அம்மா சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

ஈரத்தரை. வெறுங்கால். விசிறி நின்றது. அவள் பிளக்கைப் பிடுங்கப் போனாள். சார்ஜரை இடது கையால் பிடித்துக்கொண்டு

இந்த வாக்கியத்தை இதற்குமேல் எழுதமுடியவில்லை. முயன்றேன். விட்டுவிடுகிறேன்.

“கரண்டே இல்லியே, எப்பிடி ஷாக் அடிக்கும்?” என்று பக்கத்துப் போர்ஷன் மஞ்சுளா அக்கா ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர்கூட முதலில் நெஞ்சுவலியா என்றுதான் கேட்டார்.

கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். “மீட்டர் வரைக்குந்தான் சார் நம்மளுது. அதுக்கு அந்தாண்ட வூட்டுக்காரர் பாடு” என்றார்கள். எங்கள் கம்பெனியில் கேட்டேன். சார்ஜரின் பிளக்வரைதான் நம் பொறுப்பு என்றார்கள். இரண்டுமே சட்டப்படி சரி. மீட்டருக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு பெட்டி. அந்தத் துண்டு உலகத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அவள் அங்கேதான் குடியிருந்தாள்.

4

தணிகாசலம் என்ற பாத்திரத்தில் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவருக்குத் தடித்த மீசை வைத்தேன். கழுத்தில் சங்கிலி போட்டேன். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்துக் கொழுத்தவர் என்று எழுதினேன். எழுதும்போது கைக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்த ஆளுக்கு மீசையே கிடையாது. கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அன்றைக்கு அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது அவர்தான். உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாராம்.

ஏன் குழி தோண்டவில்லை என்று காரியம் முடிந்த பிறகு கேட்டேன். முன்பக்கம் சம்ப். பின்பக்கம் செப்டிக் டேங்க். மிச்சமெல்லாம் கான்கிரீட். அந்த மனையில் மண் தெரிவது ஒரே இடத்தில்தான், தென்மேற்கு மூலையில்.

“கன்னி மூல தம்பி அது. அங்க பள்ளம் எடுக்கக் கூடாது. வூட்டு எஜமானுக்கு ஆவாது.”

அடிக்கப் போனேன். மஞ்சுளா அக்கா பிடித்துக்கொண்டார்.

“எங்க அண்ணன் கேக்கல. அண்ணாதுரைன்னு பேரு. அந்த மூலையிலதான் போர் போடுவேன்னு நின்னாரு. போட்டாரு. அந்த வருசமே பூட்டாரு” என்றார் தணிகாசலம். அந்த மூலைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூடிய போரின் மேல் ஒரு கல் கிடக்கிறது, பக்கத்தில் கொஞ்சம் மண்.

அவர் பயம் நிஜம். இது என் கோபத்துக்கு உதவாத தகவல். வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் அவர் மறுபடி மீசை வளர்க்கத் தொடங்குகிறார். இருக்கட்டும்.

5

இதுவரை நடந்தது கதை இல்லை. கதை இப்போதுதான் தொடங்குகிறது. நான் காலி செய்து படப்பைக்குப் போய்விட்டேன். ஒற்றை அறை. சாக்கெட்டில் எதையும் செருகுவதில்லை. போனை கம்பெனியில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன்.

கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனுக்கு உச்சிமாகாளி என்று ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். தென்காசிப் பக்கம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒருவழியா வீடு அம்புட்டுட்டு. வல்லத்துல. மஞ்ச கேட்டு, கடைசி வீடு. வண்டிக்குன்னு தனியா பாயின்டே வச்சிருக்காவண்ணே!”

தட்டை நகர்த்தினேன்.

“மாட்டுனதும் என்ன கலர் எரிஞ்சுது?”

“மொதல்ல செவப்பு. வீட்டுக்காரர் ஒரு ஆள அனுப்புனாரு. நான் டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள பச்சையாக்கிட்டாரு. நல்ல வேலக்காரன்ணே.”

இதற்குமேல் அவனிடம் என்ன பேசினேன் என்று எழுதினால் பாடப்புத்தகம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் கேட்.

அந்தச் சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெட்டியும் புதிது. உச்சிமாகாளியின் மனைவி பாண்டிச்செல்வி தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. மெயினை அணைத்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர். இந்த முறை லோகேஷ் சரியான நிறத்தில் போட்டிருந்தான். தொழிலில் தேறியிருக்கிறான்.

“இந்தா இருக்குல்ல, இதுதான்” என்றேன்.

“இம்புட்டுக்காணு வயருக்கா எங்க வீட்டுக்காரர ரெண்டு நாளாத் தூங்கவிடாமப் பண்ணுனீய?”

“இதுலதான் என் பொண்டாட்டி செத்தா. நீ நிக்கிற இடத்துல.”

அவள் காலைப் பார்த்துக்கொண்டாள். நகரவில்லை.

“அந்தக்கா பேரு என்னண்ணே?”

சொன்னேன். (அவளுக்குச் சொன்னேன்.)

“நாங்க குடிவந்தப்ப இத ஒருத்தரும் சொல்லலியே” என்றாள்.

லூப்பை வெட்டினேன். மூடியை மாட்டி மெயினைப் போட்டேன். உச்சிமாகாளி சார்ஜரைச் செருகினான். சிவப்பு.

“அண்ணே, செவப்பு எரியுது.”

“எரியணும். அதுதான் நிஜம்.”

“நிஜத்த வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே ஷிப்டுக்குப் போவ? ரெண்டு மணிக்கு உள்ள நிக்கணும். கான்ட்ராக்ட் ஆளுக்கு பஸ் கெடையாது. வண்டில சார்ஜு சுத்தமாக் காலி.”

அவன் கேட்டதிலும் தப்பில்லை. இந்தக் கதையில் தப்பில்லாதவர்கள் அதிகம். அதுதான் எரிச்சல்.

சத்தம் கேட்டுத் தணிகாசலம் வந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

“இன்னா தம்பி, சொல்லாம கொள்ளாம வந்துகிற. நல்லா கீறியா?”

“குழி தோண்டுங்க.”

“அதான் அன்னிக்கே சொன்னேனே பா…”

“கன்னி மூலைன்னு சொன்னீங்க. கடப்பாரைய நான் புடிக்கிறேன். நீங்க உள்ள போய்ப் படுத்துக்குங்க.”

“யார் எடுத்தாலும் எஜமானுக்குத்தான் தம்பி வரும்.”

பாண்டிச்செல்வி துண்டை அவிழ்த்துத் தலையை உதறினாள்.

“ஏன் பெரியவரே, பள்ளம் தோண்டுனா எசமானுக்கு ஆவாது. தோண்டாட்டி குடியிருக்கவளுக்கு ஆவாது. இதுல குடியிருக்கவ போயாச்சு. இப்பம் யாரு மொற?”

“இன்னாம்மா இது, வந்த புதுசுல இப்டிப் பேசறே.”

“வந்த புதுசுலதான பேச முடியும்? பொறவு பேச ஆள் இருக்கணும்லா?”

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். மஞ்சுளா அக்காவாக இருக்கும். தணிகாசலம் சிரிக்கவில்லை. போனை எடுத்தார். “லோகேஷு, கடைசி வூட்டாண்ட கொஞ்சம் வந்துட்டுப் போபா. அந்த பாயின்டு மறுபடியும் செவப்பாக்கீது.” என்னைப் பார்க்காமல் சொன்னார்: “புள்ள வேலைக்குப் போணும் இல்ல? மத்தத நிதானமாப் பேசிக்கலாம்.”

7

முடிவுகள். கேட்டார்களே, தருகிறேன்.

அ) தணிகாசலம் மனம் மாறுகிறார். கடப்பாரையைத் தானே வாங்கி முதல் அடி போடுகிறார். போர்ஷன்காரர்கள் எல்லோரும் மண் அள்ளுகிறார்கள். உப்பு, கரி, குழாய். பச்சை விளக்கு. அடியில் ‘நாங்கள் ரெடி’.

எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. தடங்கல் இல்லாமல் வந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டேன். மலர் கேட்கிறது, கதை பச்சை காட்டுகிறது, எந்த மண்ணையும் யாரும் தொடவில்லை. இதுவும் லூப்தான். நான் லோகேஷ் இல்லை.

ஆ) லோகேஷ் மறுபடி லூப் அடிக்கிறான். முறுக்கு மறுபடி அறுகிறது. இந்த முறை பிளக்கைப் பிடுங்க வருவது தணிகாசலம். ஈரத்தரை, வெறுங்கால்.

இதையும் எழுதினேன். இன்னும் நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன் என்று சொன்னால் என்னை நல்லவன் என்பீர்கள். கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன். ஆனால் அதன் கடைசி வரியில் அவர் மனைவி சரோஜா ஓடிவந்து “கரண்டே இல்லியே” என்று கத்துகிறார். அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அதனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

இ) உச்சிமாகாளியும் பாண்டிச்செல்வியும் வேறு வீடு பார்த்துப் போகிறார்கள். பிழைத்தார்கள். மஞ்சள் கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்குகிறது.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்த மூன்றாவது பிடிக்கும். அடக்கமான முடிவு என்பார்கள். அட்டையைப் படித்துக்கொண்டு கேட்டைத் தள்ளுகிற அடுத்த ஜோடியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

8

நடந்தவரை சொல்கிறேன்.

லோகேஷ் வந்தான். பையை இறக்கினான். என்னைப் பார்த்ததும் கை நின்றது. அவனிடம் பேச நிறைய வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“சார், நானா வேணும்னு…” என்றான். “மேஸ்திரி காலத்துலேர்ந்து இப்டித்தான் சார். எல்லா லைன் வூட்லயும் இதான். நான் ஒருத்தன் போடாட்டி இன்னொருத்தன் வந்து போடுவான்.”

“சீக்கிரம் முடிபா. அந்தப் புள்ளைக்கு டைம் ஆவுது” என்றார் தணிகாசலம்.

உச்சிமாகாளி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போட்டுக்கிடுவோமாண்ணே?” என்றான். “நாளைக்கு வேற பாத்துக்கிடலாம்.”

பாண்டிச்செல்வி குறுக்கே போனாள். சாக்கெட் பெட்டிமேல் முதுகை வைத்துச் சுவரோடு சாய்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“செல்வி, தள்ளு.”

“மாட்டேன்.”

“ஷிப்டுக்கு நேரமாவுதுட்டி.”

“நடந்து போங்க. ஆட்டோல போங்க. லீவு போடுங்க. பெரியவரே, குழிய வெட்டிட்டு வந்து கூப்புடுங்க. அதுவரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்.”

“எவ்ளோ நேரம்மா நிப்பே?” லோகேஷ் லேசாகச் சிரித்தான். ஸ்க்ரூடிரைவர் அவன் கையில் இருந்தது.

அவள் தலையையும் சுவரில் சாய்த்தாள். ஈரமுடி சுவரில் ஒட்டிக்கொண்டு புதுப் பெயின்டில் தடம் விழுந்தது.

இந்த வரியில் நிறுத்துகிறேன். அவளுக்குப் பின்னால் பெட்டி. முன்னால் நான்கு ஆண்கள், என்னையும் சேர்த்து. அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால்தான் இந்தக் கதை எந்தப் பக்கமாவது முடியும். நான் எழுதுகிறவன். ‘நகர்ந்தாள்’ என்று போட எனக்கு ஒரு சொல் போதும். போடமாட்டேன்.

முடிவு வேண்டும் என்பவர்கள் நேரே வல்லம் வடகாலுக்குப் போங்கள். மஞ்சள் கேட், கடைசி வீடு. தள்ளி நில்லம்மா என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.